ஒரே மோதிரத்துக்கு ரெண்டு நாட்டுல வட்டி: வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான தீபாவளிக் கணக்கு

சேனல்ல பட்ஜெட் பத்தி நிறைய பேசியிருக்கோம். ஆனா வெளிநாட்டுல வேலை பார்க்கறவங்களோட பண்டிகைச் செலவு ஒரு தனிக் கணக்கு. ஏன்னா அவங்களுக்கு ஒரு தீபாவளி இல்ல, ரெண்டு தீபாவளி. ஒண்ணு அங்கே நண்பர்களோட, இன்னொண்ணு ஊர்ல குடும்பத்துக்கு. சம்பளம் மட்டும் ஒண்ணுதான்.

இதை நான் புத்தகத்துல படிச்சுக் கத்துக்கல. அடிபட்டுக் கத்துக்கிட்டேன். அந்தக் கதையைச் சொல்லிட்டு பாடத்துக்கு வரேன்.

## 2019: என்னோட முதல் சிங்கப்பூர் தீபாவளி

அந்த வருஷம் ஏப்ரல்லதான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனேன். மூணு நண்பர்களோட ஒரு வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு இருந்தோம். ஜூன்ல ஊர்ல தங்கச்சி கல்யாணம். அப்படின்னா அந்த அக்டோபர் அவளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்குச் சீர் செய்யணும்.

லீவு கிடைக்காததால என்னால போக முடியல. அம்மாகிட்ட, "எவ்வளவும்மா அனுப்பட்டும்?"னு கேட்டேன். அம்மா சொன்ன பதில்: "உன்னால முடிஞ்சதை அனுப்புப்பா."

இந்த ஒரு வரிதான் எல்லாத்துக்கும் காரணம். "முடிஞ்சதை"ன்னு அம்மா சொன்னது, "கஷ்டப்படாத அளவுக்கு"ன்னு. நான் புரிஞ்சுக்கிட்டது, "எவ்வளவு அதிகமா முடியுமோ அவ்வளவு"ன்னு.

போக முடியலங்கற குற்ற உணர்ச்சி வேற. அக்கவுண்ட்ல இருந்ததுல கிட்டத்தட்ட எல்லாத்தையும், 1,800 வெள்ளியை (சிங்கப்பூர்த் தமிழ்ல டாலரை வெள்ளின்னுதான் சொல்லுவாங்க) தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி அனுப்பினேன். அப்போ ஒரு வெள்ளி சுமார் 52 ரூபாய்.

அதுக்கப்புறம் அங்கே ஆன செலவு:

- ஜிப்பா, வேட்டி: 70
- அறையில சமையல், பலகாரம், என் பங்கு: 60
- ஆபீஸ்ல எல்லாருக்கும் முறுக்கு, இனிப்பு: 85
- கல்யாணமான நண்பர்கள் வீட்டுக்குப் போனப்போ குழந்தைகளுக்குக் காசு, பழம், இனிப்பு: 120
- முஸ்தபால வாங்கி, ஊருக்குப் போன நண்பன்கிட்ட கொடுத்தனுப்பின சாக்லேட், சென்ட், தைலம்: 240
- நீண்ட வார இறுதில ஜோகூர் பாரு போயிட்டு வந்தது: 185

மொத்தம் 760 வெள்ளி. எல்லாம் கிரெடிட் கார்டு. மாசக் கடைசி வரைக்கும் சாப்பாடு, போக்குவரத்துன்னு வீட்டுச் செலவும் கார்டுலதான் போச்சு. பில் வந்தப்போ 1,400 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். கடன் தீர மார்ச் ஆயிடுச்சு. வட்டி மட்டும் நூறு வெள்ளிக்கு மேல போச்சு.

சரி, தங்கச்சிக்காகத்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அடுத்த ஜனவரி, பொங்கல் அன்னிக்கு வீடியோ கால். அம்மா கழுத்துல எப்பவும் இருக்கற மூணு பவுன் சங்கிலியைக் காணோம். கேட்டா பேச்சை மாத்தினாங்க. அப்புறம் தங்கச்சிதான் சொன்னா. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அப்பா அந்தச் சங்கிலியை அடகுக் கடைல வெச்சு 60,000 ரூபாய் வாங்கியிருக்கார். ஒன்றரை வட்டி. நூத்துக்கு மாசம் ஒன்றரை ரூபாய்னா, வருஷத்துக்கு 18 சதவீதம். நான் எவ்வளவு அனுப்புவேன், எப்போ அனுப்புவேன்னு அவருக்குத் தெரியாது. கேட்கவும் தயக்கம். அதனால மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரமும் துணிமணியும் அந்தக் காசுலயே வாங்கிட்டார்.

அப்புறம் என் பணம் போய்ச் சேர்ந்துச்சு. "பையன் அனுப்பிட்டான்"ங்கற சந்தோஷத்துல மோதிரத்தைக் கொடுத்து, மேல காசு போட்டு, செயினா மாத்திட்டார். மிச்சம் சொந்தக்காரங்களுக்குத் துணி, பட்டாசு. அடகு அப்படியே நின்னுச்சு.

ஆக, ஒரே சீருக்கு நான் அங்கே கார்டு வட்டி கட்டறேன். அப்பா இங்கே அடகு வட்டி கட்டறார். ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியக்கூடாதுன்னு மறைச்சுக்கிட்டே கட்டறோம்!

இதுல யாரும் கெட்டவங்க இல்ல. யாரும் ஊதாரியும் இல்ல. பாசம் இருந்துச்சு, ஆனா யார் வாயிலயும் ஒரு எண் இல்ல. பாடம் இங்கேதான் ஆரம்பிக்குது.

## பாடம் 1: தீபாவளி நகரும், சம்பளத் தேதி நகராது

தீபாவளித் தேதிகளைப் பாருங்க. 2023ல நவம்பர் 12. 2024ல அக்டோபர் 31. 2025ல அக்டோபர் 20. 2026ல நவம்பர் 8.

மாசக் கடைசில சம்பளம் வாங்கறவருக்கு நவம்பர் 8 வசதியான தேதி. சம்பளம் வந்த கையோட பண்டிகை. ஆனா அக்டோபர் 20 அப்படி இல்ல. கையில இருக்கறது செப்டம்பர் சம்பளத்தோட மிச்சம். அதுல சீர், துணி, பலகாரம்னு ஆரம்பிச்சா கார்டு தானா வெளில வரும்.

இன்னொரு விஷயம், போனஸ். நம்ம ஊர்ல பல நிறுவனங்கள்ல தீபாவளிக்கு முன்னாடியே போனஸ் வந்துடும். அந்தப் பழக்கம் நம்ம ரத்தத்துல ஊறிப்போன ஒண்ணு. சிங்கப்பூர்ல 13வது மாசச் சம்பளம் தர்றது சட்டப்படி கட்டாயம் இல்ல. வேலை ஒப்பந்தத்துல இருந்தா கிடைக்கும். கிடைச்சாலும் பெரும்பாலும் டிசம்பர்லதான். தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு வர்ற போனஸை நம்பி தீபாவளிக்கு முன்னாடியே செலவு பண்ணா, நடுவுல வர்றது வட்டிதான்.

மூணாவது, இது ரொம்ப முக்கியம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் சிபிஎஃப். வேலை அனுமதியில போனவங்களுக்கு அது கிடையாது. நம்ம ஊர்ல பிஎஃப்னு ஒண்ணு தானா பிடிப்பாங்க, கட்டாயச் சேமிப்பு நடக்கும். அங்கே முழுச் சம்பளமும் கைக்கு வரும். பார்க்க நல்லாதான் இருக்கும். ஆனா நீங்களா எடுத்து வெச்சாதான் சேமிப்பு.

செய்ய வேண்டியது: ஜனவரிலயே ஒரு தனி சேமிப்புக் கணக்கு. பேரு "தீபாவளி". வருஷத்துக்கு மொத்தப் பண்டிகைச் செலவு 2,700 வெள்ளின்னு வெச்சுக்குவோம். ஜனவரிலருந்து செப்டம்பர் வரை 9 மாசம், மாசம் 300 வெள்ளி. சம்பளம் வந்த மறுநாளே தானா மாறிடற மாதிரி வங்கில சொல்லி வெச்சுடுங்க. ஊர்ல வேலை பார்க்கற நண்பர்களுக்கும் இதே முறைதான். பாட்டி காலத்து பலகாரச் சீட்டு ஞாபகம் இருக்கா? அதேதான் இது, ஆனா பணம் உங்க கணக்குலயே இருக்கும்.

## பாடம் 2: எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்க, ஜூலைலயே

"எவ்வளவும்மா வேணும்?"னு கேட்டா எந்த அம்மாவும் சரியான பதில் சொல்ல மாட்டாங்க. கூச்சம் இருக்கும். பிள்ளை கஷ்டப்படுமோன்னு பயம் இருக்கும். அதனால கேள்வியை மாத்துங்க.

2020 ஜூலைல நான் பேசினது இப்படி:

"அம்மா, தீபாவளிக்கு நான் 80,000 ரூபாய் எடுத்து வெச்சிருக்கேன். செப்டம்பர் கடைசில வந்துடும். தங்கச்சி வீட்டுக்கு எவ்வளவு, நம்ம வீட்டுக்கு எவ்வளவு, சொந்தக்காரங்களுக்கு எவ்வளவுன்னு நீயும் அப்பாவும் பேசிட்டுச் சொல்லுங்க. இதுக்கு மேல வேணும்னா இப்பவே சொல்லிடு. அடகு மட்டும் வைக்காதீங்க."

கொஞ்ச நேரம் அம்மா ஒண்ணும் பேசல. அப்புறம், "80,000 எதுக்குடா? 50 போதும்"னு சொன்னாங்க!

இதுதான் நான் கத்துக்கிட்டதுலயே பெரிய பாடம். எண் தெரியாத வரைக்கும் வீட்டுல இருக்கறவங்க பயத்துல திட்டம் போடுவாங்க. எண் தெரிஞ்சதும் அந்த எண்ணுக்குள்ள திட்டம் போடுவாங்க. பல வீடுகள்ல அதைவிடக் குறைவாவே முடிச்சுடுவாங்க.

மூணு விதி வெச்சுக்கோங்க:

1. தொகையை ரூபாய்ல சொல்லுங்க, வெள்ளில சொல்லாதீங்க. மாற்று விகிதம் மாறினா அந்தக் கவலை உங்களோட நிக்கட்டும்.
2. வர்ற தேதியையும் சேர்த்துச் சொல்லுங்க. தேதி தெரிஞ்சா அவசரக் கடனுக்குத் தேவையே இல்ல.
3. எதுக்குன்னு பிரிச்சுச் சொல்லுங்க. மொத்தமா வர்ற பணம் மொத்தமாவே போயிடும்.

உங்க நிலைமையையும் மறைக்காதீங்க. "இங்க வாடகையே இவ்வளவு ஆகுதும்மா"ன்னு ஒரு தடவை சொன்னா குடி முழுகிடாது. வெள்ளியை ரூபாயால பெருக்கிப் பார்க்கற ஊர்க்காரங்களுக்கு, செலவும் வெள்ளிலதான்னு நாமதான் சொல்லணும்.

## பாடம் 3: "கட்டணம் இல்லை"ன்னா இலவசம்னு அர்த்தம் இல்ல

பணம் அனுப்பறப்போ ரெண்டு இடத்துல காசு போகும். ஒண்ணு கட்டணம், அது கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு மாற்று விகிதத்துல வெக்கற லாபம், அது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கணக்கு பார்ப்போம். சந்தை விகிதம் ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய்னு வெச்சுக்குவோம். நீங்க 1,500 வெள்ளி அனுப்பறீங்க. முழுசா வந்தா 1,05,000 ரூபாய்.

- முதல் சேவை: கட்டணம் இல்லை. விகிதம் 68.80. கைக்கு வர்றது 1,03,200. நஷ்டம் 1,800 ரூபாய்.
- ரெண்டாவது சேவை: கட்டணம் 6 வெள்ளி. விகிதம் 69.85. மிச்சம் 1,494 வெள்ளிக்குக் கைக்கு வர்றது சுமார் 1,04,356. நஷ்டம் சுமார் 644 ரூபாய்.

கட்டணம் வாங்கறவர்தான் இங்கே மலிவு! அதனால கட்டணத்தையோ விகிதத்தையோ தனித்தனியா பார்க்காதீங்க. ஒரே ஒரு கேள்வி போதும்: "ஊர்ல கைக்கு எவ்வளவு ரூபாய் போய்ச் சேரும்?" ஒரே நாள்ல, ஒரே நேரத்துல மூணு சேவைகள்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

2019ல நான் அனுப்பினப்போ கிடைச்ச விகிதம் சந்தையைவிட ஒரு ரூபாய் குறைவு. கூட 10 வெள்ளி கட்டணம். மொத்தம் சுமார் 2,300 ரூபாய் வழியிலயே போச்சு. கடைசி மூணு நாள்ல ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இல்ல, பொறுமையும் இல்ல.

சின்னத் தொகைக்கு இன்னொரு வழியும் இருக்கு. 2023 பிப்ரவரி 21 அன்னிக்கு சிங்கப்பூரோட பேநவ்வையும் நம்ம யுபிஐயையும் இணைச்சாங்க. இதுல சேர்ந்திருக்கற வங்கின்னா மொபைல்லருந்தே அனுப்பலாம். வரம்பு இருக்கறதால சீருக்கு ஆகாது. அக்கா பையனுக்குப் பட்டாசுக் காசு அனுப்ப ஆகும்.

ஒரு எச்சரிக்கை: "விகிதம் நல்லா தரேன், காசை என்கிட்ட கொடு, ஊர்ல வீட்டுக்கே வந்து கொடுப்பாங்க"ன்னு யாராவது சொன்னா அது உண்டியல். சட்டவிரோதம். பணம் போகலன்னா புகார் கொடுக்க உங்ககிட்ட ஒரு ரசீது கூட இருக்காது. அனுப்பற நிறுவனத்துக்கு சிங்கப்பூர் நாணய ஆணையத்தோட உரிமம் இருக்கான்னு அவங்க இணையதளத்துலயே பார்க்கலாம்.

## பாடம் 4: தங்கம் அங்கே மலிவா?

"சிங்கப்பூர்ல இருக்க, ஒரு செயின் வாங்கிட்டு வாடா." இது எல்லார் வீட்டுலயும் கேட்கற வசனம். கணக்கு போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க.

சிங்கப்பூர்ல நகைக்கு ஜிஎஸ்டி உண்டு. 2024 ஜனவரிலருந்து 9 சதவீதம். சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்துல அதைத் திரும்பப் பெறலாம். வேலை அனுமதியில இருக்கறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம்ம ஊர்ல நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். அதோட, 2024 ஜூலைல இந்தியா தங்கத்தோட இறக்குமதி வரியை 15லருந்து 6 சதவீதமா குறைச்சுது. அதனால முன்னாடி இருந்த விலை வித்தியாசம் நிறைய சுருங்கிடுச்சு. செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து ரெண்டு ஊர் பில்லையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

கொண்டு போறதுக்கும் வரம்பு இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்றவங்க, தீர்வை இல்லாம, பெண்கள்னா 40 கிராம் வரை, ஆண்கள்னா 20 கிராம் வரை நகை கொண்டு வரலாம். கூடவே வேற நிபந்தனைகளும் உண்டு, அவை மாறிக்கிட்டும் இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி சுங்கத்துறை தளத்துல பார்த்துடுங்க. இந்தச் சலுகை நகைக்கு மட்டும்தான், காசுக்கும் பிஸ்கட்டுக்கும் இல்ல. பில்லைக் கையில வெச்சுக்கோங்க. ஊருக்குப் போற நண்பன்கிட்ட நகையைக் கொடுத்தனுப்பற வேலை வேண்டவே வேண்டாம். மாட்டினா அவனுக்குத்தான் சிக்கல்.

## பாடம் 5: வரி வருமா?

அடிக்கடி வர்ற சந்தேகங்கள், சுருக்கமா:

அப்பா, அம்மாவுக்கு அனுப்பற பணத்துக்கு அவங்க வரி கட்டணுமா? வேண்டாம். நெருங்கிய உறவுகள்கிட்டருந்து வர்ற அன்பளிப்புக்கு வரம்பே இல்ல. ஆனா அந்தப் பணத்தை அவங்க டெபாசிட் போட்டா, வர்ற வட்டி அவங்க வருமானம்.

மனைவி பேர்ல அனுப்பினா? அன்பளிப்புக்கு வரி இல்ல. அதை முதலீடு பண்ணி வர்ற வருமானம் மட்டும் உங்க வருமானத்தோட சேரும்.

நண்பனுக்கு அனுப்பினா? ஒரு நிதியாண்டுல அவருக்கு இப்படி வெளியாள்கிட்டருந்து வந்த மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா, முழுத் தொகையும் அவருக்கு வருமானம்.

சித்தப்பாவுக்கு? இங்கேதான் ஒரு வேடிக்கை. சித்தப்பா உங்களுக்குக் கொடுத்தா அது உறவு கொடுத்த அன்பளிப்பு, வரி இல்ல. நீங்க சித்தப்பாவுக்குக் கொடுத்தா, சட்டத்தோட உறவுப் பட்டியல்ல அண்ணன் மகன் இல்ல. அதனால 50,000 வரம்பு அங்கே பொருந்தும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் அந்தப் பட்டியல்ல கிடையாது.

எந்தக் கணக்குக்கு அனுப்பறது? வேலைக்காக வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்கா மாத்தணும், இது விதி. நீங்க சம்பாதிச்சதை ஊர்ல சேமிக்க என்ஆர்இ கணக்கு. அதுல வர்ற வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, பணத்தை எப்ப வேணும்னாலும் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டு போகலாம். வீட்டுச் செலவுக்குன்னா நேரா அப்பா, அம்மா கணக்குக்கே அனுப்புங்க. செலவுப் பணத்தையும் சேமிப்புப் பணத்தையும் கலக்காதீங்க.

## பாடம் 6: அங்கே கொண்டாடறதையும் நிறுத்தாதீங்க

இதைப் படிச்சுட்டு, "அப்போ அங்கே ஒண்ணுமே செலவு பண்ணக்கூடாதா?"ன்னு கேட்காதீங்க. பண்டிகை அன்னிக்கு அறையில தனியா உட்கார்ந்து, ஊர்ல எல்லாரும் ஸ்டேட்டஸ் போடறதைப் பார்த்துக்கிட்டு இருக்கறது எவ்வளவு கொடுமைன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். அந்தத் தனிமைக்குப் பயந்துதான் பல பேர் ஆன்லைன்ல கண்டதை வாங்கறாங்க, இல்லன்னா கடைசி நேரத்துல நாலு மடங்கு விலைக்கு டிக்கெட் போடறாங்க.

சிங்கப்பூர்ல தீபாவளி அரசு விடுமுறை. சிராங்கூன் சாலைல விளக்கு அலங்காரம், கேம்பல் லேன்ல சந்தை, தேக்கா சந்தைல கூட்டம்னு பண்டிகை வாசனை நல்லாவே வீசும். பட்டாசு மட்டும் கிடையாது, 1972லருந்து தடை. ஒரு பெரிய செலவு தானாவே மிச்சம்!

எங்க வீட்டுல 2020லருந்து வெச்சுக்கிட்ட ஏற்பாடு: ஆளுக்கு 40 வெள்ளி பொதுப்பணம். ஒருத்தர் இட்லி, சட்னி, ஒருத்தர் மட்டன் குழம்பு, ஒருத்தர் கேசரி. என் பங்கு வடை. (முதல் வருஷம் ஓட்டை விழல, போண்டாதான் வந்துச்சு.) குடும்பமா இருக்கற நண்பர்கள் வீட்டுக்கு நாலு பேரும் சேர்ந்து போய், குழந்தைகளுக்குச் சேர்ந்தே ஒரு கவர் கொடுத்தோம். ஆபீஸ்ல நாங்களே சுட்ட முறுக்கு. சீனர், மலாய் நண்பர்கள் கடை இனிப்பைவிட அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டாங்க. 760 வெள்ளி செலவு 300க்குக் கீழே வந்துடுச்சு. கொண்டாட்டத்துல ஒண்ணும் குறையல.

ஒண்ணை மட்டும் கவனிங்க. கூட இருக்கற நாலு பேருல ஒருத்தர் சம்பளம் குறைவா வாங்கலாம். ஊர்ல கடன் இருக்கலாம். வெளிய சொல்ல மாட்டார். பொதுப்பணம் எவ்வளவுன்னு முடிவு பண்றப்போ அவரால கொடுக்க முடியற தொகையை வெச்சு முடிவு பண்ணுங்க.

## அப்புறம் என்ன ஆச்சு?

சங்கிலியை 2020 பிப்ரவரில மீட்டாச்சு. நாலு மாச வட்டி 3,600 ரூபாய். அந்த வருஷத் தீபாவளி நவம்பர் 14ல வந்துச்சு. கொரோனாவால ஊருக்குப் போக முடியல. ஆனா செப்டம்பர் கடைசில 50,000 அனுப்பியாச்சு. எடுத்து வெச்ச 80,000ல மிச்சம் 30,000 கணக்குலயே இருந்துச்சு. டிசம்பர்ல அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தப்போ அந்தப் பணம்தான் கை கொடுத்துச்சு. கார்டும் தேவைப்படல, அடகும் தேவைப்படல.

அந்தத் தீபாவளி அன்னிக்குக் காலைல வீடியோ கால்ல அம்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்து நின்னாங்க. கழுத்துல சங்கிலி இருந்துச்சு. நான் எதுவும் கேட்கல, அவங்களும் எதுவும் சொல்லல. சங்கிலியை மட்டும் சேலைக்கு வெளில எடுத்து விட்டுக்கிட்டாங்க.

## இந்த வாரம் செய்ய வேண்டிய மூணு வேலை

1. போன தீபாவளிக்கு அங்கே எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு செலவாச்சுன்னு ஸ்டேட்மெண்ட் பார்த்து ரெண்டு வரில எழுதுங்க.
2. அடுத்த தீபாவளிக்கு இன்னும் எத்தனை சம்பளம் இருக்குன்னு எண்ணி, அந்தத் தொகையை வகுத்து, மாசாமாசம் தானா பிடிக்கற ஏற்பாட்டைப் பண்ணுங்க.
3. வீட்டுக்குப் போன் பண்ணி எண்ணையும் தேதியையும் சொல்லுங்க. கடைசியா, "வீட்டுல ஏதாவது அடகுல இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் வர்றதுக்குள்ள போனை வெச்சுடாதீங்க.